கசிவுப் பரிசோதனை

...தையல் வகுப்பில் சேர்ந்திருக்கலாம், கேக் செய்யச் சொல்லித்தரும் வகுப்பு இருந்தது, குழந்தைப் பராமரிப்பு இருந்தது, சமுதாயக் கல்லூரிக்காரர்கள் வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போன தாளில் இருபத்தாறு படிப்பு இருந்தது, அத்தனையையும் தாண்டி அவள் விரல் போய் நின்ற இடம் ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்த்தல், ஆறு மாதம், பெண்களும் சேரலாம்... ஏன், உலகத்தில் வேறு தொழிலே இல்லையா? பத்தொன்பது வருஷமாக அதே ஃபிரிட்ஜையும் ஏசியையும் பிரித்துப் போட்டுப் பிழைக்கிற மெக்கானிக் ஒருவன் புருஷன் என்று வீட்டில் இருக்கும்போது, அவனை ஒரு வார்த்தை கேட்காமல்... இல்லை, கேட்டாள், கேட்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். "உங்ககிட்டயே கத்துக்கறேன்னு நாலு வருஷமா கெஞ்சினேன், நீங்க எங்க சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

கல்லூரிப் பட்டறைக்கு வெளியே நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, போகிற வழியில் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தான், அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், இன்றைக்கு அவளுக்குச் செய்முறைப் பரீட்சை என்பது ஏதோ தற்செயல் மாதிரி. வாசலில் பதிவேட்டோடு இருந்த அம்மாள் யார் வேண்டும் என்று கேட்டு, விவரம் சொன்னதும், "அட, அவங்க வீட்டுக்காரரா நீங்க!" என்று முகமெல்லாம் மலர்ந்தாள். அவங்க வீட்டுக்காரர்... இத்தனை வருஷமும் அவள்தானே மெக்கானிக் சம்சாரம்? எப்போது மாறியது இது? பெஞ்சுக்கு எதிரே கண்ணாடி ஜன்னல், அதற்குள்ளே அவள், நீலச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, பக்கத்தில் அந்த வாத்தியார். இவ்வளவுதானா ஆள்? முப்பது வயசுகூட இருக்காது, நகத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லை, இவனெல்லாம் வெயிலில் மொட்டை மாடி ஏறி ஒரு மெஷினையாவது இறக்கியிருப்பானா? சாப்பிட உட்கார்ந்தால் 'சார் சொன்னாரு', படுக்கப் போனால் 'சார் சொன்னாரு', போன வாரம் ஒரே சாப்பாட்டில் எட்டுத் தடவை, எண்ணினான். மெஷினுக்குத் திரும்பி வருகிற குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தே காஸ் சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன் என்று அவன் பெருமையாகச் சொன்னபோது, "அதுக்குப் பேரு சூப்பர்ஹீட்டுங்க, கையால தெரியாது, குழாயோட சூட்டையும் உள்ள காஸ் கொதிக்கிற சூட்டையும் அளந்து கழிச்சுப் பாக்கணும்" என்றாள். பேர்! அவன் கை பத்தொன்பது வருஷம் தடவித் தடவி அறிந்த ஒன்றுக்குப் பேர் இருக்கிறது, அது அவளுக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளே அவள் தீயைப் பற்றவைத்தாள். இரண்டு செம்புக் குழாய், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பற்றவைக்க வேண்டும், சுற்றிச் சுற்றிச் சூடேற்றுகிறாள், ஒரே இடத்தில் காட்டாதே, ஓட்டை விழும்... காட்டவில்லை. செம்பு சிவக்கட்டும், அவசரப்படாதே... படவில்லை. அவன் விரல்கள் மடியில் தாமாகவே அசைந்தன. பற்றுக் கம்பியை ஒரு தொடு தொட்டாள், உருகியது வளையமாக ஓடிப் பின்பக்கம் சேர்ந்தது, திட்டு இல்லை, ஒழுக்கு இல்லை. அவன் போடுகிற பற்றில் ஒரு சொட்டு கீழே தொங்கும், எப்போதும் தொங்கும், கசியாது, ஆனால் தொங்கும். வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான், அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் இத்தனை நாளும் வயிற்றுக்குள் எரிந்தது எதற்கு? வாத்தியார்மேல்தான் பொறாமை என்று நினைத்திருந்தானே, புருஷன் என்றால் அது இருக்கத்தானே செய்யும் என்று அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தானே...

குழாயில் காற்றை அழுத்தி ஏற்றி, பற்றின்மேல் சோப்புத் தண்ணீரைப் பூசினாள். கசிந்தால் குமிழ் வரும், ஒன்று வந்தாலும் தோல்வி. பெஞ்சிலிருந்து எழுந்து ஜன்னலோரம் போனான், கண்ணாடியில் நெற்றி முட்டியது, மூச்சுப் பட்டு மங்கியதைச் சட்டைக் கையால் துடைத்தான். ஒரு நிமிஷம். வரும். இரண்டு நிமிஷம். கீழ்ப்பக்கம் பார், அங்கேதான் முதலில் வரும், வா... வா... அவன் எதை அழைத்துக்கொண்டிருந்தான்? சோப்பு நீர் அசையாமல் பளபளத்தது. அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தனக்குள் சிரித்தாள். அவன் அவசரமாகத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

"அடடா, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாமே!"

"பாஸா?" என்றான், தெரிந்திருந்தும்.

படியிறங்கும்போது அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், குழாயைத் தேய்த்தது, தீயைக் குறைத்தது, இரண்டு கையாலும் காற்றில் காட்டிக் காட்டி, வேறு யாரிடமும் சொன்னால் புரியாது என்பது போல. அவனும் உம் கொட்டிக்கொண்டே வந்தான், ஒரு சொல் விடாமல் கேட்டான், எங்கேயாவது தப்பாகச் சொல்கிறாளா என்று... காது அதற்காகத்தான் காத்திருக்கிறது என்பது பாதிப் படியில்தான் அவனுக்கே தெரிந்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டதோ?