பெற்ற பிள்ளை மாதிரி

யாராவது பெயர் சொல்லி அழைத்தால் அவன் உடனே திரும்ப மாட்டான். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் தலையைத் திருப்புவான். அமெரிக்காவில் அவனுக்குப் பேஸ்பால் பந்துவீச்சுக் கற்பித்த பயிற்சியாளர்கள் இந்த வழக்கத்தை மிகவும் மெச்சினார்கள். இத்தனை இளம் வயதில் எத்தனை நிதானம், அரங்கத்தின் கூச்சல்கூட ரோமுலோவைத் தொடுவதில்லை என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். கீழ்நிலை லீக்குகளின் ஏணியில் அவன் ஏறிய படிகளில் ஒன்றாவது அந்த நிதானத்துக்காகக் கிடைத்தது.

உண்மை வேறு. ரோமுலோ என்பது அவன் பெயரே அன்று. லிசாந்த்ரோ என்று பெயரிடப்பட்டவன் அவன். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று முதலில் தோன்றி, பிறகு அது தன்னைத்தான் என்று உறைப்பதற்கு அந்த ஒரு மூச்சு நேரம் அவனுக்குத் தேவைப்பட்டது. பெயரும், அந்தப் பெயருக்குரிய வயதும் அவனுடைய தம்பிக்குச் சொந்தமானவை.

அந்தப் பெயரைக் கடன் வாங்கிய கதை எங்கள் தீவில், சான் பெத்ரோவில், கரும்பாலைக்குப் பின்புறத் தெருவில், எர்மினியாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. கணவன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தான். ஆலை வாசலில் வாழைக்காயும் மீனும் பொரித்து விற்று இரண்டு மகன்களை அவள் வளர்த்துவந்தாள். அன்று மேசையின் தலைமாட்டில் ஃபானோ உட்கார்ந்திருந்தார். பேஸ்பால் விளையாடும் பையன்களைக் கண்டுபிடித்து, தீனி போட்டுத் தேற்றி, அமெரிக்கக் கிளப்புகளுக்குக் காட்டி, ஒப்பந்தத்தில் தம் பங்கை எடுத்துக்கொள்வது அவர் தொழில்.

"பத்தொன்பது வயசுன்னா கிளப்புக்காரன் காரை விட்டு இறங்கக்கூட மாட்டான், எர்மினியா. பதினாறுன்னு சொல்லு. இதே கை, இதே பந்து, வாசல்ல வரிசை நிக்கும்."

சொல்லிவிட்டு அவர் இளையவனைப் பார்த்தார். சந்தையில் ஒரு சட்டையைக் கையிலெடுத்து அளவு பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. ரோமுலோவுக்கு அப்போதுதான் பதினாறு நிறைந்திருந்தது.

அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியென்றே சொல்லியிருப்பான். அண்ணன்மேல் அவனுக்கு அத்தனை பிரியம். கேட்கவேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை. கொஞ்ச நாளைக்குத்தான், அண்ணன் மேலே போனதும் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று தாய் சொன்னாள். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப நான் யாரும்மா?"

ஃபானோதான் பதில் சொன்னார். "நீ செலோ. மலைப்பக்கத்துலேர்ந்து வந்திருக்க. இவங்களுக்கு ஒண்ணுவிட்ட அக்கா மகன். உன்னைப் பெத்தவ செத்துப்போயிட்டா."

எதிரே நின்றிருந்த தாய் தன் சாவுச் செய்தியைக் கேட்டுக்கொண்டே அவன் தட்டில் சோறு போட்டாள். லிசாந்த்ரோ தலையைக் குனிந்து சாப்பிட்டான்.

கிளப்புகள் ஏமாளிகள் அல்ல. கையெழுத்துக்கு முன்பு விசாரிக்க ஆள் அனுப்பும். அந்த ஆள் பெட்டிக்கடையில் பீர் வாங்குவான். டொமினோ ஆடுபவர்களோடு உட்காருவான். சிறுவர்களுக்கு மிட்டாய் தருவான். ஆகவே எங்கள் ஊர்த் தெருக்களில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு வீட்டுப் பையனின் வயதை முழுத் தெருவும் சேர்ந்து காக்கும். நாளைக்குத் தன் வீட்டுப் பையனுக்கும் அது வேண்டுமே. கடைக்காரன், தையற்காரி, ஞாயிற்றுக்கிழமை கிதார் வாசிக்கும் கிழவன் எல்லாரும் பாடத்தை ஒப்பித்துப் பழகினார்கள். பழகியவர்களில் ரோமுலோதான் மிகவும் சிரமப்பட்டான். அவன் பாடம் பேசுவதன்று, பேசாமலிருப்பது. பின்னாலிருந்து தாய் திடீரென்று "ரோமுலோ" என்று கூப்பிடுவாள். திரும்பினால் முதுகில் ஓர் அடி விழும். இரண்டே வாரத்தில் அவன் திரும்புவதை விட்டான்.

எங்கள் கடற்கரையில் ஒருவகை நண்டு உண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது. நத்தை ஓட்டுக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு ஊர்ந்து திரியும். ஒரு நாள் மற்றப் பிராணிகள் அதைத் திருடன் என்று ஏசினவாம். "நத்தை செத்து, ஓடு காலியாகி, அலை அதைக் கரையில் ஒதுக்கும்வரை நான் காத்திருந்தேனே, அதை ஏன் சொல்ல மாட்டீர்கள்?" என்று நண்டு கேட்டதாம். மனிதர்களுக்கு அந்த நண்டின் பொறுமை இல்லை.

லிசாந்த்ரோ ஏறினான். முதலில் தீவிலேயே இருந்த கிளப் முகாம். பிறகு பாலைவன வெயிலில் புதியவர்களின் லீக். பிறகு சோளக்காடுகளுக்கு நடுவே, ஏப்ரலிலும் விரல் விறைக்கும் ஓர் ஊர். இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்தான். ஆறுபேர் ஓர் அறையில் படுத்தார்கள். கோழிக்கறிக்கான ஆங்கிலச் சொல் ஒன்றுமட்டும் தெரிந்திருந்ததால் ஒரு பருவம் முழுக்கக் கோழிக்கறியே தின்றான். தோளில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு, அழுகை வராமலிருக்க வீட்டை நினைத்துக்கொள்வான். வீட்டை நினைத்தால் தம்பி கேட்ட கேள்வி நினைவுக்கு வரும். ஆகவே எதையும் நினைக்காமலிருக்கக் கற்றான். அவனோடு ஏணியில் கால்வைத்தவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு படியிலும் உதிர்ந்தார்கள். அவன் உதிரவில்லை. அவன் ஒரு படி ஏறும்போதெல்லாம் எர்மினியாவின் வீடும் ஒரு படி ஏறியது. தகரக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. வாசலுக்கு இரும்புக் கம்பிக் கதவும், மின்வெட்டுக்கு மாற்றாக மின்கலப் பெட்டியும் வந்தன.

அந்த வீட்டில் செலோவும் வளர்ந்தான். ஏழை உறவின் பிள்ளையை எடுத்து வளர்ப்பது எங்கள் பக்கத்தில் பெரிய புண்ணியம். அப்படி வளர்க்கப்படும் பிள்ளை தண்ணீர் சுமக்கும், கடைசியில் சாப்பிடும், கட்டில் மிஞ்சினால் கட்டிலில் படுக்கும். அதைக் கொடுமை என்று யாரும் சொல்வதில்லை. எடுத்து வளர்த்த மனதைத்தான் சொல்வார்கள். தெரு முதலில் நடிப்பாகத்தான் அவனை அப்படி நடத்தியது. விசாரிக்கிற ஆள் எந்நேரமும் வரலாமே. ஆனால் தினமும் செய்கிற காரியம் எத்தனை நாளைக்கு நடிப்பாகவே நிற்கும்? பெட்டிக்கடைக்காரன் அவனைக் கடைசியில் கவனித்தான். தையற்காரி அவனுக்குப் பழைய துணியை எடுத்துவைத்தாள். எர்மினியாவின் கை, அவளை அறியாமலே, இறைச்சித் துண்டுகளை வந்தவர் போனவர் தட்டுகளுக்குப் போட்டுவிட்டுச் சட்டியின் அடிப்பிடித்த சோற்றை அவனுக்குச் சுரண்டியது. புது வீட்டில் லிசாந்த்ரோவுக்கென்று ஓர் அறை ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்தது. செலோ சமையலறையில் படுத்தான்.

பள்ளிக்கூடப் பதிவில் பெயர் இருந்தால் விசாரணையில் சிக்கும் என்று அவனைப் படிப்பிலிருந்தும் நிறுத்தியிருந்தார்கள். ஓராண்டு கழித்து மாலை வகுப்பில் தானாகவே போய் உட்கார்ந்தான். பிறப்புச் சான்று பிறகு தருகிறேன் என்று சொல்லி மூன்று ஆண்டுகள் ஓட்டினான். வீட்டு மின்கலப் பெட்டியை அவன்தான் இணைத்தான். தெருவில் பாதி வீடுகளில் விளக்கு எரிவதும் அவன் கையால்தான். மின்தொழில் நுட்பக் கல்லூரியில் சேர வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதற்கு முன் அரசுத் தேர்வு எழுதவேண்டும். தேர்வெழுதப் பெயர் வேண்டும். செலோ என்று எந்தப் பதிவேட்டிலும் ஒருவன் பிறந்திருக்கவில்லை.

வருகிற ஜூன் தேர்வு தவறினால் மாலை வகுப்பிலும் இடமில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவன் தாயிடம் போய் நின்றான்.

"இன்னும் ஒரே படிடா. அண்ணன் பெரிய லீக்குக்குப் போகட்டும். இப்ப வாயைத் திறந்தா கட்டினதெல்லாம் இடிஞ்சிடும்."

"அவன் போனப்புறமும் இதையேதான்மா சொல்லுவீங்க."

எர்மினியா வாழைக்காயைத் திருப்பிப் போட்டாள். அவன் சொன்னது சரியென்று அவளுக்குத் தெரியும்.

அந்த அக்டோபரில் லிசாந்த்ரோ வந்தான். வரும் வசந்தத்தில் நடக்கும் பெரிய லீக்கின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டிருந்தான். அவனுக்கு முன் அந்தத் தெருவில் யாரும் தொடாத உயரம் அது. முழுப் பன்றி சுட்டார்கள். பாட்டு ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்தது. தலைநகரிலிருந்து கிளப்பின் பிரதிநிதி பெரால்தா வந்திருந்தார். ஃபானோ மணமகனின் தகப்பனைப்போல் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். செலோ பனிக்கட்டி வாளியோடு மேசைக்கு மேசை போய்வந்தான்.

தெருமுனையிலிருந்து ஒரு பழைய நண்பன், "ரோமுலோ, என்னடா ஆளே மாறிட்ட" என்று கத்திக்கொண்டு வந்தான். ஒரு மூச்சு கழித்து லிசாந்த்ரோ திரும்பினான். திரும்புகிற வழியில் அவன் கண் தம்பியின் மீது பட்டது. தெருவே கேட்க எழுந்த அந்தக் குரலுக்குத் தம்பியின் கழுத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. வாளியிலிருந்து பனிக்கட்டியை அள்ளி ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். தான் நான்கு ஆண்டுகளாகப் பழகியும் முழுதாக வராதது இவனுக்கு எப்படி இத்தனை சுத்தமாக வந்தது என்று லிசாந்த்ரோ நினைத்தான். தன் முதுகில் அடி விழவில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

பெரால்தா கோப்பையை வாங்கிக்கொண்டே செலோவின் தோளைத் தட்டினார். நல்ல மனிதர்தான், அன்போடுதான் பேசினார்.

"குடுத்துவச்சவன்டா தம்பி நீ. யாரு இந்தக் காலத்துல அடுத்தவங்க பிள்ளைக்கு இவ்வளவு செய்வாங்க?"

எர்மினியாவுக்குப் பாடம் நன்றாக மனப்பாடம். "பெத்த பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கோம், ஐயா" என்றாள்.

அவள் பொய் சொல்லத் தயங்கியிருந்தால், குரல் சற்றே இடறியிருந்தால், லிசாந்த்ரோ ஒருவேளை இன்னும் ஓராண்டு பொறுத்திருப்பான். குரல் இடறவில்லை. அவள் அதை நம்பிச் சொன்னாள்.

லிசாந்த்ரோ போய்ப் பாட்டை நிறுத்தினான்.

"மாதிரி இல்ல, ஐயா. பெத்த பிள்ளைதான். இவன்தான் ரோமுலோ. நான் அண்ணன், லிசாந்த்ரோ. எனக்கு இருபத்துமூணு வயசு."

டொமினோக் காய்கள் மேசையில் அப்படியே நின்றன. பிறகு அந்தத் தெரு தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. பையன் குடித்திருக்கிறான் என்றான் கடைக்காரன். செலோவின் தாயைத் தன் கையாலேயே அடக்கம் செய்ததாகத் தையற்காரி சத்தியம் செய்தாள். ஃபானோ சிரித்துக்கொண்டே லிசாந்த்ரோவின் தோளில் கைபோட்டு உள்ளே தள்ளப் பார்த்தார். "டேய், உளறாத. விடிஞ்சா நீயே சிரிப்ப." எல்லாரும் கடைசியில் செலோவைப் பார்த்தார்கள். நீயே சொல் என்றார்கள்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். தான் ரோமுலோ இல்லையென்று சொல்லியிருக்கலாம், நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக அதைச் சொல்லாமல் நின்றான்.

பெரால்தா கார்ச் சாவியை எடுத்தார். "எனக்கு எதுவும் கேக்கல. காலையில யோசிச்சுச் சொல்லு" என்றார். அவருக்கும் அந்தப் பொய் தேவைப்பட்டது.

காலையில் லிசாந்த்ரோ அவரிடம் போகவில்லை. தலைநகருக்குப் பேருந்து ஏறி, ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்தான். விசா ரத்தாயிற்று. கிளப் ஒரே வரி அறிக்கையில் அவனை விடுவித்து, ஒரு குடும்பம் தன்னை ஏமாற்றிவிட்டதாக வருந்தியது. ஃபானோவின் பெயர் அறிக்கையில் இல்லை. தெரு லிசாந்த்ரோவை மன்னித்துவிட்டது. நல்ல பையன், மனது இளகியவன் என்றது. தம்பியைத்தான் அது மன்னிக்கவில்லை. அண்ணன் வாயில் விழவேண்டிய சோற்றைத் தட்டிவிட்டவன் என்று அவன் காதுபடவே பேசினார்கள். விளக்கு அணைந்தால்மட்டும் அவன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எர்மினியா பல வாரங்கள் இரண்டு மகன்களோடும் பேசவில்லை. ஒரு நாள் பேசாமலே பூட்டியிருந்த அறையைத் திறந்து இன்னொரு கட்டிலைப் போட்டாள்.

தேர்வுப் பதிவுக்கு உரிய நாளில் லிசாந்த்ரோ, இப்போது வாடகைக்கு ஓட்டும் மோட்டார் சைக்கிளில், தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். தெருமுனை வீட்டின் திறந்த ஜன்னல் வழியே சாப்பாட்டு மேசை தெரிந்தது. அதன் தலைமாட்டில் ஃபானோ உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது கேட்டது.

பள்ளி அலுவலகத்தில் கூட்டம். சகோதரர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"ரோமுலோ மெஹியா" என்று எழுத்தர் அழைத்தாள்.

இளையவன் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பழக்கத்தில், லிசாந்த்ரோ பாதி எழுந்துவிட்டான். எழுந்தவன் அப்படியே நின்றான். பிறகு மெதுவாக உட்கார்ந்து, பந்து வீசிய அந்தக் கையைத் தம்பியின் முழங்காலில் வைத்தான்.

"உன்னைத்தான்டா கூப்பிடறாங்க."