சின்னப் பாலம் போய் வந்தால் பத்து

ரெனிட்டாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்க ஜெஸ்டன் இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டியதே இல்லை. துபாயிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வரப்போகிற தம்பி ஷாஜின், "அக்கா, ஓடுறவங்களுக்குன்னே வாட்ச் வந்திருக்கு, எது வேணும் சொல்லு" என்று போனில் கேட்டான். வாங்கப்போவது அவன், கட்டப்போவது இவள். நடுவில் இவள் புருஷனுக்கு என்ன வந்தது? ஆனால் மனுஷன் ஒரு வாரமாக ஆம்பூர் பஜாரில் பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தான். பிரிண்ட் எடுத்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான்.

"இது பாரு, நெஞ்சுல பட்டை கட்டிக்கிட்டா துடிப்பு எவ்ளோன்னு சொல்லும். நர்ஸுக்கு இதானே வேணும்?"

"தூரம் காட்டுறது இருக்காமேங்க. சாட்டிலைட்ட வெச்சு எத்தனை கிலோமீட்டர்னு சொல்லுமாம்."

"அந்த ஜிபிஎஸ்ஸா? கையில இட்லிய கட்டின மாதிரி இருக்கும். சார்ஜும் நிக்காது. நம்ம ஊரைச் சுத்தி மலை, சிக்னல் இன்னா கிடைக்கும்? வீண் பேஜார். தூரம்தான் நான் அளந்து வெச்சிருக்கேனே!"

அதுவும் சரிதான் என்று ரெனிட்டா தலையாட்டினாள். பைத்தியக்காரி! தனக்காக இப்படி அலைகிறானே என்று அன்றைக்கு அவனுக்கு முட்டை தோசை வேறு ஊற்றிக் கொடுத்தாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. எத்தனையோ டாக்டர், எத்தனையோ ஸ்கேன். தன் உடம்பு தன்னுடையதில்லை, யார் யாரோ குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற சாமான் என்று ஆகிவிட்டது அவளுக்கு. மருத்துவமனையில் கூட வேலை செய்கிற டோரதி அக்கா ஓடுவதைப் பார்த்துத்தான் இவளும் ஓட ஆரம்பித்தாள். பேர்ணாம்பட்டு ரோட்டில் மாதா சிலை இருக்கிற கெபி வரை போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டர். முடியவில்லை. ஒருநாள் பாதி வழியில் ரோட்டோரம் உட்கார்ந்து, "இந்த உடம்பு எதுக்கும் லாயக்கில்லைங்க" என்று வாய்விட்டு அழுதாள். மொபெட்டில் கூடவே வந்த ஜெஸ்டன் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான். "வண்டி மீட்டர்ல சரியா அளந்துட்டேன் ரெனி. கெபி வரைக்கும் போவவே வேணாம். சின்னப் பாலம் போய் வந்தா பத்து!"

அன்றிலிருந்து ரெனிட்டா வேறு ஆளாகிப் போனாள். சின்னப் பாலம் போய் வந்தாள். நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் ஒரு மணி நேரத்துக்குள் வந்து நின்றபோது, நடுரோட்டில் கைதட்டினான் ஜெஸ்டன். தன் கால்களைக் குனிந்து பார்த்து அவள் சந்தோஷப்பட்டது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

ஜனவரியில் சென்னையில் பத்து கிலோமீட்டர் பந்தயம். மருத்துவமனை சார்பில் மூன்று பேர் போகலாம், நேரம் குறைந்தவர்களுக்குத்தான் இடம், பேர் கொடுங்கள் என்றார் மேட்ரன். அவரவர் சொன்ன நேரத்தை அப்படியே எழுதிக்கொண்டார். காலை ஜெபம் முடிந்து, கையில் பைபிளோடு நிற்கிறவர்களில் யார் பொய் சொல்லப்போகிறார்கள்? டோரதி அக்கா ஒரு மணி நேரத்தைத் தாண்டிச் சொன்னாள். ரெனிட்டா தைரியமாக ஐம்பத்தெட்டு நிமிஷம் என்றாள். மூன்றாவது இடம் அவளுக்குக் கிடைத்தது.

ஷாஜின் வந்து பெட்டியைத் திறந்தால், ஜிபிஎஸ் வாட்ச்!

"மாமா ரெண்டு தடவை போன் பண்ணி வேணாம்னாரு. பரிசு அக்காவுக்குத்தானே, நல்லதா வாங்கிட்டேன்" என்றான்.

ரெண்டு தடவை போன் பண்ணினானா? வெளிநாட்டுக்கா? ரெனிட்டாவுக்கு லேசாக உறுத்தியது. ஆனாலும் மறுநாள் காலை ஆசையாகக் கட்டிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து வாசலில் நின்றபோது வாட்ச் எட்டு புள்ளி நாலு என்றது.

"பார்த்தியா, இந்த ஊருக்கு ஆவாதுன்னு சொன்னேன்ல" என்றான் ஜெஸ்டன். அப்போதும் அவள் அவனைத்தான் நம்பினாள். "டேய், பழுதான வாட்ச்சை உன் தலையில கட்டிட்டானுங்க, போம்போது மாத்திக்கோ" என்று தம்பியிடம் சொன்னாள். ஷாஜினுக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நானூறு மீட்டர் தடம் போட்டிருந்த பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டினான். அவள் ஐந்து சுற்று ஓடினாள். வாட்ச் இரண்டு கிலோமீட்டர் காட்டியது. இன்னும் ஐந்து சுற்று. நாலு கிலோமீட்டர். ரெனிட்டா அப்படியே மைதானத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் தோல் கம்பெனியிலிருந்து வந்த ஜெஸ்டனைச் சட்டைகூட மாற்ற விடவில்லை.

"அன்னிக்கு வண்டி மீட்டர் எவ்ளோ காட்டுச்சு?"

"கொஞ்சம் கம்மி."

"எவ்ளோ கம்மி?"

"எட்டரைகூட வரல. நீ ரோட்டுல உக்காந்து அழுதே ரெனி. நான் இன்னா பண்ணுவேன்? எங்க கம்பெனியில ஈரத்தோலைச் சட்டத்துல இழுத்து மாட்டிக் காய வெச்சா நாலு அடி ஜாஸ்தி வரும். அந்த மாதிரி கொஞ்சம் இழுத்துக் கொடுத்தேன். போகப் போக நீயே நெஜமா பத்துக்கு வந்துடுவேன்னு நெனச்சேன்."

"அப்ப நான் இன்னா, தோலா?"

அவன் பாதி கழற்றிய சட்டைப் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டான்.

"நடுரோட்டுல கைதட்டினீங்களே, பாவி! நான் மேட்ரன் முன்னாடி பொய் சொல்லிட்டு நிக்கிறேன், தெரியுமா உங்களுக்கு? எனக்குன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

மறுநாள் டியூட்டிக்குப் போனதும் மேட்ரனிடம் நடந்ததைச் சொல்லிப் பேரை எடுக்கச் சொன்னாள். அதைவிடக் கஷ்டம் டோரதி அக்காவின் முகத்தைப் பார்ப்பது. அவள் வார்டில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க இடத்தை நான் எடுத்துட்டேன். நான் ஓடுனது பத்தே இல்ல. எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது."

டோரதி அக்கா அதிரவில்லை. விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள். "தெரியும்மா. என் வீடே அந்தச் சின்னப் பாலத்துக்கு அந்தாண்டதானே. எனக்குத் தெரியாதா எவ்ளோ தூரம்னு?"

"பின்னே ஏன் சொல்லல?"

"உன் வீட்டுக்காரர் எங்க வீட்டுக்கு வந்தாரு. சொல்லிடாதீங்க, இது போச்சுன்னா அவ உடைஞ்சிடுவான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. குழந்தை இல்லாத பொண்ணு, போவட்டும்னு விட்டுக்கொடுத்துட்டேன்."

ஐயோ, இதற்குப் பேசாமல் அறைந்திருக்கலாம். பொய்யையாவது ஒருநாள் மன்னித்துவிடலாம் என்று இரவெல்லாம் மனதைத் தேற்றி வைத்திருந்தாள் ரெனிட்டா. வீடு வீடாகப் போய்த் தன் பேரில் இரக்கப் பிச்சை கேட்டு வந்திருக்கிறானே, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் விடிகாலை வழக்கம்போல ஜெஸ்டன் மொபெட்டை வெளியே தள்ளினான். "வண்டியை உள்ள வைங்க" என்றாள். வைத்தான். அவள் தனியாகப் போனாள்.

திரும்பி வந்தபோது நன்றாக வெயில் ஏறியிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஜெஸ்டன் சொம்பு நிறையத் தண்ணீரோடு வாசலிலேயே காத்திருந்தான். அவள் வாங்கிக் குடித்தாள்.

"எவ்ளோ ரெனி? பத்து வந்துச்சா?" என்றான்.

ரெனிட்டா சொம்பை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். வாட்ச்சைக் கழற்றி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்று உள்ளே போனாள்.