மரியஜான் அமெரிக்கா இல்லை என்று சொன்ன வண்டி

கார்த்திகைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குறும்பனையில் மரியஜான் வீட்டு முற்றத்தில் நின்ற பிக்கப் வண்டியின் பின்பெட்டிக்குள் மட்டும் வெண்பனி கொட்டியது. பெட்டிக்கு ஒரு சாண் வெளியே வெயில் அடித்தது. கொடியில் கைலிச் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாளை மலிவு, அயிலைக்கு நல்ல விலை.

வண்டி வந்த விதத்தில் அதிசயம் ஏதும் இல்லை. ஆனிக் கடலில் ஒரு கப்பல் சரிந்து கண்டெய்னர்கள் விழுந்தன. அவற்றில் ஒன்று நெடுநாள் மிதந்து, மாதா பிறப்புத் திருநாளுக்கு முன்பு கரை ஒதுங்கியது. கதவு பெயர்ந்த அந்தப் பெட்டிக்குள் மேலெல்லாம் சிப்பி அப்பிய வண்டி ஒன்று நின்றது. வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு ஊரில் இல்லை என்பதால் ஆளுக்கொரு நாட்டைச் சொன்னார்கள். குவைத்தில் இருந்தவர் தாய்லாந்து என்றார். கத்தாரில் இருந்தவர், தாய்லாந்து வண்டிக்கு இவ்வளவு பெரிய மூக்கு கிடையாது, ஆஸ்திரேலியா என்றார். தம்மாமில் டிரெய்லர் ஓட்டிய பெனிஷ் அமெரிக்கா என்றான். பிறகு எல்லோரும் மரியஜானைப் பார்த்தார்கள்.

மரியஜான் பெனிஷின் அக்காள் செசிலியைக் கட்டியவர். ஷார்ஜாவில் பழைய வண்டிச் சந்தையில் தலைநரைக்கும் வரை இருந்தவர். அமெரிக்காவில் வெள்ளத்தில் முங்கியவையும் மரத்தில் மோதியவையும் அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கும். அவற்றைத் துடைத்து மினுக்கி, வளைகுடா வெயிலுக்கென்றே செய்த வண்டி என்று விற்கப் பார்ப்பார்கள். பார்த்த பார்வையில் அதைப் பிரித்துச் சொல்வதுதான் மரியஜானின் பிழைப்பு. முன்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் ஆரஞ்சு விளக்கு, மைல் காட்டும் மீட்டர், கண்ணாடி மூலையில் ஒன்றிலோ நான்கிலோ ஐந்திலோ தொடங்கும் எண்: இவை இருந்தால் அமெரிக்கா. ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று அவரே சொல்வார். மறுத்துச் சொல்ல, ஊரில் யாரும் அவருடன் ஷார்ஜாவில் இருந்ததில்லை.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மீட்டரை உப்பு தின்றிருந்தது. எண்ணின் மேல் சிப்பி. சக்கரத்துக்கு மேலே விளக்கைக் காணவில்லை.

"அமெரிக்கா இல்ல. வளைகுடா வண்டி," என்றார்.

"அத்தான், கொஞ்சம் சொரண்டிப் பாத்துட்டுச் சொல்லும்," என்றான் பெனிஷ்.

"ஏலே, சொரண்டிப் பாக்கதுக்கு இது லாட்டரிச் சீட்டா? நான் வண்டி பாக்கவன்."

அன்றோடு அத்தானுக்கும் மச்சினனுக்கும் பேச்சு நின்றது. ஊரில் அகலமான முற்றம் மரியஜானுடையது என்பதால், வடம் கட்டி இழுத்து வண்டியை அங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

ஐப்பசியில் அதன் பின்பெட்டிக்குள் விரல் விரித்த கைபோலச் சிவந்த இலைகள் விழுந்தன. வாதாம் இலை என்றார் மரியஜான். பக்கத்தில் வாதாம் மரம் இல்லை. அதன்பின் பனி வந்தது, தேங்காய்த் துருவலைப்போல, சத்தமில்லாமல். மரியஜான் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஏசி கசிகிறது என்றார். வளைகுடா வண்டிகளுக்கு ஏசி அவ்வளவு பலமாக வைப்பார்கள், இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்று கேட்டார். கேட்டபோது அவருக்குப் பல் கிட்டித்தது.

செசிலிக்கு நாட்டைப் பற்றிக் கவலை இல்லை. திங்கள்சந்தையில் மீன் விற்பவள் அவள். உச்சிவெயிலுக்குள் விற்காத மீன் கண் கலங்கிப்போகும். பிறகு அதை வாங்கப் பூனைதான் வரவேண்டும். போன கோடையோடு தொழிலை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தை எடுத்துவந்து பெட்டிக்குள் ஏறினாள்.

"நீரு எந்த நாடுன்னு வேணும்னாலும் சொல்லும்," என்றாள் கணவனிடம். "எனக்க மீனுக்கு ஐசு ஆச்சு."

மறுநாள் தெருவில் மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் சருவத்தோடு வரிசையில் நின்றார்கள். குறும்பனை நெய்மீன் சாயங்காலம் வரை உயிரோடிருப்பதுபோல் முழிப்பதாக நெய்யூர் வரை பேச்சு. கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டியவர்கள் வாளி வாளியாக அள்ளிப்போனார்கள். அந்த வருடம் கடைகளில் பஞ்சு தேங்கிவிட்டது. மரியஜான் கம்பளிக் குல்லா வைத்துக்கொண்டு, ஏசி கசிவைப் பற்றி வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

தை மாதத்தில் ஒரு காலை, பனித்தண்ணீர் வழிந்து ஊறிய இடத்தில் சிப்பி ஒரு தட்டாகப் பெயர்ந்து விழுந்தது. முன்சக்கரத்துக்கு மேலே ஆரஞ்சு விளக்கு ஒன்று, துடைத்துவைத்ததுபோலத் தெரிந்தது. மரியஜான் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் பார்த்துத் தள்ளிய அத்தனை வண்டிகளும் ஷார்ஜாவிலிருந்து திரும்பி நின்று தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பெனிஷிடம் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று செருப்பைத் தேடும்போது ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் அனில்குமார், கப்பல் கம்பெனியின் ஆள். கப்பலில் போனவை அமெரிக்க வண்டிகள். அவற்றில் ஒன்றென்றால் ஏற்றிக்கொண்டு போகவேண்டும், இல்லையென்றால் தனக்கு வேலை இல்லை என்றார். செசிலி சருவத்தைக் கீழே வைக்க மறந்து நின்றாள். தெரு கூடியது. மரியஜான் மெல்ல நகர்ந்து, விளக்கின்மேல் இடுப்பைச் சாய்த்துக்கொண்டார்.

"நீங்கதான் வண்டி பாக்கதுல கெட்டின்னு சொன்னாங்க. இது எந்த நாடு?"

"அமெரிக்கா இல்ல சார்," என்றார் மரியஜான். மாதக்கணக்கில் சொல்லிவந்த சொல்தான். இப்போதுதான் நாக்கு குழறியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாக்கட்டும்."

"இடுப்பு பிடிச்சிட்டு சார். அனங்க முடியல."

அனில்குமார் கூட்டத்தைப் பார்த்து, வண்டி தெரிந்தவர் வேறு யாராவது உண்டா என்று கேட்டார். எல்லோரும் பெனிஷைப் பார்த்தார்கள். பெனிஷ் அத்தானின் சாரத்துக்கும் வண்டிக்கும் நடுவே எட்டிப்பார்த்த ஆரஞ்சு விளிம்பைப் பார்த்தான். அக்காளின் கையிலிருந்த சருவத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அத்தான் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். வளைகுடா வண்டி."

அனில்குமார் பின்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி பனியை அள்ளினார். "அப்போ இது என்ன?"

"ஏசி கசியுது சார்," என்றது தெரு முழுவதும்.

அவர் அந்தப் பிடி உருகித் தீரும் வரை நின்று பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, வளைகுடா வண்டி என்று எழுதிக்கொண்டார். போகும்போது செசிலி கொடுத்த நெய்மீனைப் பனியில் பொதிந்து வாங்கிக்கொண்டார்.

ஜீப் வளைவு திரும்பிய பிறகே மரியஜான் இடுப்பை எடுத்தார். அவரும் பெனிஷும் விளக்கைக் குனிந்து பார்த்தார்கள்.

"கண்டியா மக்கா?" என்றார் மரியஜான்.

"நான் ஒண்ணும் காணல அத்தான்," என்றான் பெனிஷ். "வாரும், சாயா குடிப்போம்."

பங்குனியில் பனி நின்று, பெட்டிக்குள் கொஞ்சநாள் மழை பெய்தது. பிறகு அதில் முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்தது, இந்தப் பக்கத்தில் பார்க்காத ஒரு வகை. செசிலி ஓர் ஆடு வாங்கினாள்.