ராவுலோவின் புத்தகம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவி லோசாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது எமோசியின் பையிலிருந்த அவளுடைய கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரே எண்தான். துணியைக் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்து திரும்பவும் உதட்டில் வைத்தான். டயாலிசிஸ் போதும் என்று அவளே சொல்லிவிட்ட பிறகு தண்ணீர்கூட இந்த அளவுக்குத்தான்.

"யாரு?" என்றாள் லோசா, கண்ணைத் திறக்காமல்.

"பத்திரிகைக்காரங்க. கட்டுரை எப்ப வரும்னு."

"செத்து முடிச்சிட்டு எழுதறேன்னு சொல்லு." சிரிக்கப் பார்த்தாள். இருமலாக வந்தது. அடங்கியதும் கேட்டாள். "ராவுலோவோட ஆளுதானே?"

எமோசி துணியை மடித்தான்.

"கடுதாசி அனுப்பிட்டல்ல?"

"அனுப்பிட்டேன்."

"பதிவுத் தபால்லயா?"

"ம்."

"ரசீத பத்திரமா வை."

கண்ணைத் திறந்து அவனையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே சுவா நகரத்து மழை எந்த அவசரமும் இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

அவர்கள் வீட்டில் எழுதுவது அவள் வேலை, மற்றதெல்லாம் அவன் வேலை. துறைமுகத்தில் சரக்கு குமாஸ்தாவாக இருந்தவன், அவள் தனியாக எழுதிப் பிழைக்கலாம் என்று துணிந்தபோது வேலையை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்தான். வங்கியின் ஆண்டறிக்கை, ஓட்டல்களின் விளம்பரப் புத்தகம், பெண்கள் பத்திரிகையில் மாதம் ஒரு கட்டுரை, மாதா கோயிலில் யாராவது இறந்தால் வாசிக்கிற புகழுரை வரை எல்லாம் எழுதினாள். விலை பேசுவது, ஒப்பந்தம் படிப்பது, வரிக் காகிதம் நிரப்புவது, இழுத்தடிக்கிறவர்களைத் தொலைபேசியில் பிடிப்பது எல்லாம் எமோசி. "நான் எழுதறவ, இவரு எழுத்துக்குக் காவல் நாய்" என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அவனுக்கு அதில் பெருமைதான். கையெழுத்தில்லாமல் ஒரு வரி வெளியே போகவிட மாட்டான்.

ராவுலோவின் ஒப்பந்தத்தையும் அவன்தான் படித்தான். தீவுகளில் மரம் அறுக்கும் ஆலைகள் வைத்திருந்த பணக்காரர். பிறந்தநாளுக்குள் தன் வாழ்க்கைக் கதை புத்தகமாக வரவேண்டும் என்றார். அவர் பேசுவார், லோசா பதிவு செய்துகொண்டு எழுதுவாள், அட்டையில் அவர் பெயர் இருக்கும். யாராவது கடிதம் கொடுத்து விலகினால் அவரவர் கையில் இருப்பது அவரவருக்கு. எழுதுபவரால் முடிக்க இயலாமல் போனால் பதிவுகளும் குறிப்புகளும் ராவுலோவுக்கு. நியாயமாகத்தானே இருக்கிறது என்று எமோசியே சொன்னான். 'இயலாமல் போனால்' என்பதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று அன்றைக்கு அவன் யோசிக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ராவுலோவின் வீட்டிலிருந்து வந்தவள் சாப்பிடவில்லை. பின்னறையில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவருகே நின்ற எமோசிக்கும் கேட்டது. ஆலை தீப்பிடித்து ஆட்கள் செத்ததைப் பற்றிக் கிழவர் பேசிக்கொண்டிருந்தார். "கதவ வெளிப்பக்கம் பூட்டச் சொன்னதே நான்தாம்மா. இல்லாட்டி ராத்திரி ஷிஃப்ட்காரப் பயலுக பாதிப் பேரு தூங்கப் போயிருவானுங்க." பிறகு அவர் சிரித்தார். சிரிப்புக்குப் பின் அந்த அறையில் விசிறி சுற்றும் சத்தம் மட்டும் வெகுநேரம் ஓடியது.

"இத நான் எழுத மாட்டேன்" என்றாள். "அழிக்கவும் மாட்டேன். செத்தவங்க வீட்டுலேருந்து என்னைக்காவது யாராவது வந்து கேப்பாங்க. விலகறோம்னு கடுதாசி அடி. கையெழுத்து போட்டுத் தரேன்."

அவன் அடித்தான். அவள் கையெழுத்துப் போட்டாள். கடிதம் உறையோடு பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. விலகினால் முன்பணத்தைத் திருப்பவேண்டும். முன்பணம் முழுவதும் டயாலிசிஸ் இயந்திரத்தின் வழியாக எப்போதோ போய்விட்டது. அது ஒரு காரணம். ராவுலோ சார்பில் எல்லாவற்றுக்கும் பேச வருகிற அபிசாய் இன்னொரு காரணம். அபிசாய் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

இதையெல்லாம் இன்றைக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எமோசி நினைத்தான். நர்ஸ் போகட்டும் என்று காத்திருந்தான். நர்ஸ் போனாள். துணியை நனைத்து, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபடி உதட்டில் வைத்தான். தண்ணீர் உதட்டில் தங்காமல் தாடையோரமாக வழிந்து இறங்கியது.

அவன் வார்டுக்கு வெளியே வந்தபோது பெஞ்சில் அபிசாய் உட்கார்ந்திருந்தான். மடியில் சொட்டுகிற குடை. எழுந்து இரண்டு கையாலும் எமோசியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கஷ்டமா இருக்கு, மச்சான். நல்ல பொம்பள."

எமோசி இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அண்ணனுக்குக்கூட.

"யார் சொன்னா?"

"அட, இந்த ஊர்ல மழைக்கும் சாவுக்கும் யாராவது சொல்லணுமா? பையக் குடு, நான் தூக்கறேன். மச்சான்காரன் இருக்கறப்ப நீ சுமக்கலாமா?" எமோசியின் தீவுக்கும் அவன் தீவுக்கும் பரம்பரையாக மச்சான் முறை. அந்த முறையில் எந்தக் கேலியும் பேசலாம், எதையும் உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம். லோசாவின் துண்டும் செருப்பும் இருந்த பையை அபிசாய் வாங்கி, ஒருதரம் கையில் எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தான். பிறகு கார் வரை நல்லவனாக நடந்து வந்தான்.

அடக்கத்தன்று காலையில் எமோசி பின்னறையில் உட்கார்ந்து, லோசாவுக்கு வேலை கொடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னான். வெளியே தார்ப்பாய்க் கொட்டகையில் பாய்கள் விரிப்பதும், பின்கட்டில் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே அழுவதும் கேட்டது. பத்திரிகை ஆசிரியை ஊர்மிளா விசும்பினாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க எமோசி, அந்த மாசக் கட்டுரை... பாதியாவது இருக்கா?" என்றாள்.

"பாதி இருக்கு."

"இருக்கறத அனுப்புங்க. கீழ அவங்க படம் போட்டுடறேன்."

"கட்டணம் முழுசா தரணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. "நீங்க இப்படிக் கேக்கலைன்னாதான் லோசா கோவிச்சுக்குவா" என்றாள் ஊர்மிளா. இந்தமுறை உண்மையாகவே அழுதாள்.

பீரோவிலிருந்து உறையை எடுத்தான். லோசாவின் கையெழுத்து ஊசி குத்திய கையால் போட்டது, கோணலாக இருந்தது. திரும்ப வைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்த சிறிய ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து கறுப்புச் சட்டைக்குள், வயிற்றோரம், இடுப்பில் கட்டிய சுலு வேட்டியின் மடிப்பில் சொருகிக்கொண்டான்.

ராவுலோவின் ஆட்கள் மூன்று வண்டிகளில் வந்தார்கள். கொட்டகைக்குள் அவர்கள் கொண்டுவந்த பாய்கள் ஆள் உயரத்துக்கு ஏறின. மண்ணெண்ணெய்ப் பீப்பாய்கள், டின் இறைச்சிப் பெட்டிகள், வேலியோரம் கட்டிய ஒரு காளை. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். கூலிக்கு எழுதிப் பிழைத்த ஒருத்தியின் சாவுக்கு இது மிக அதிகம்.

அபிசாய் முழங்காலில் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். இரண்டு கையிலும் திமிங்கலப் பல், தேன் நிறத்தில், பழையது. எமோசி வீட்டின் சார்பில் எதிரே உட்கார்ந்திருந்தது அவனுடைய அண்ணன் வெதாயா. தீவிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர். அபிசாய் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைப்பதுபோலப் பேசினான். உங்கள் துக்கம் எங்கள் துக்கம் என்றான். எங்கள் ஐயா லோசாவை மகள்போல நினைத்தார் என்றான். அப்புறம், அதே குரலில்:

"ஐயாவோட கதை இந்த வீட்டுல பாதியில நிக்குது. அவரு பேசினது அவரோட வீட்டுக்கே திரும்பி வந்து சேரட்டும். அதுக்கும் சேத்துத்தான் இந்தப் பல்லு."

சுற்றியிருந்தவர்கள் கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினார்கள். வெதாயா வாங்குவதற்காகக் கையை நீட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பல்லை வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். அதற்குமேல் பேச்சில்லை.

"அண்ணே, வாங்காதீங்க."

கைதட்டல் நின்றுவிட்டது. மூத்தவர் பேசும் இடத்தில், அதுவும் திமிங்கலப் பல்லுக்கு முன்னால், இளையவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னடா பேசற?" என்றார் வெதாயா, திரும்பாமலே.

"அது லோசாவோடது. குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

அபிசாய்தான் முதலில் சிரித்தான். "கேட்டுக்கிட்டீங்களா? எங்க மச்சானுக்குப் பேச்சு வந்துருச்சு! இத்தன வருஷமும் பொண்டாட்டி எழுதுவா, இவரு பில்லு போடுவாரு. இப்ப அவரே வசனம் பேசறாரு." மச்சான் கேலிதானே என்று நாலைந்து பேர் நிம்மதியாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில், எமோசிக்கு மட்டும் கேட்கும்படி அவன் சொன்னான். "கடுதாசி எதுவும் எங்களுக்கு வரல, மச்சான். ஒப்பந்தம் இன்னும் உயிரோடதான் இருக்கு."

எமோசி பாயின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெதாயாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மெதுவாகத் தம்பியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க துக்கத்த ஏத்துக்கிட்டோம்" என்றார். "பாய், காளை எல்லாம் எங்களுக்குப் பெரிய மரியாதை. பல்லு உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னொரு நாள் வெறுங்கையா வாங்க. சாப்டுட்டுப் போலாம்."

அபிசாய் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டான். பல்லைத் துணியில் சுற்றினான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. போகவும் இல்லை. கொட்டகையின் ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த யாங்கோனா வேர்ப்பானத்தை மரியாதையாக வாங்கிக் குடித்தான்.

சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் வெதாயா தம்பியைச் சமையற்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"இந்த வயசுல என்ன இப்படி நிக்க வச்சிட்ட. அப்படி என்னடா இருக்கு அதுல?"

எமோசி சொன்னான். கதவைப் பற்றி, சிரிப்பைப் பற்றி. கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிட்டான். வெதாயா அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அவகிட்ட அனுப்பிட்டேன்னு சொன்னியா?"

"ஆமா."

"நம்பினாளா?"

எமோசி அடுப்பிலிருந்த பானையின் மூடியை நகர்த்தி வைத்தான்.

"அம்மா ஊருக்காரன் ஒருத்தனும் அந்தத் தீயிலதான் போனான்" என்றார். "அவன் பொண்டாட்டிக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. கரண்டு கோளாறுன்னு சொல்லி வச்சிருக்காங்க." கையை நீட்டினார். சற்று முன் கொட்டகையில் நீட்டிய அதே கை. "என்கிட்ட குடு. கப்பல்ல கொண்டுபோறேன். அவ கேக்கட்டும்."

எமோசி மடிப்பை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தான். வயிற்றுச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. வெதாயா அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே காளை ஒருதரம் கத்தியது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு கேட்கிற தூரத்தில், வேலியோரம் அபிசாய் நின்று அதற்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. பெட்டியை இறக்கியதும் கோயில் பாடகர்கள் பாட்டை எடுத்தார்கள். பாயை மடக்கி உள்ளே விட்டார்கள். வீட்டு வாலிபர்கள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். களிமண் நனைந்து கனத்திருந்தது. பாட்டு முடிவதற்குள் பையன்களுக்கு மூச்சு வாங்கியது.

அபிசாய் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்து ஒருவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கினான். மச்சான் முறைக்காரன் அடக்கத்தில் கைகொடுப்பது வழக்கம்தான் என்பதால் யாரும் தடுக்கவில்லை. நன்றாக வேலை செய்தான். ஒவ்வொரு மண்வெட்டியாக அளந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை சீராகப் போட்டுக்கொண்டே வந்தான். சொந்தக்காரர்கள் ஓய்ந்து ஒதுங்கிய பிறகும் அவன் ஓயவில்லை.

எமோசி மேட்டின் மறுபக்கம் நின்றான். வெதாயா வந்து அவன் தோளோடு தோள் ஒட்டி நின்றார். அவருடைய கோட்டின் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது.

அபிசாய் நிமிர்ந்து நெற்றியைப் புறங்கையால் துடைத்தான். வெதாயாவைப் பார்க்காமல் எமோசியைப் பார்த்து, அக்கறையாக விசாரிக்கிற குரலில் கேட்டான்:

"அண்ணன் எந்தக் கப்பல்ல போறாரு, மச்சான்?"

பாட்டு எப்போதோ நின்றிருந்தது. பெண்கள் பூக்களோடு காத்திருந்தார்கள். பதிலுக்குக் காத்திராமல் அபிசாய் மண்வெட்டியின் பின்புறத்தால் மேட்டைத் தட்டித் தட்டிச் சமன் செய்தான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேலே ஏறி, ஈர மண்ணை வெறுங்காலால் அழுத்தி மிதிக்கத் தொடங்கினான். நிதானமாக, ஓர் இடம்கூட விடாமல்.