அம்மாவுக்குப் புரிகிற ஒப்பாரி

"மைக்கை நிறுத்துங்க!" என்று புவனேஸ்வரி சொன்னதும், ஒப்பாரி பாட வந்திருந்த காவேரி பாதி வரியில் நின்றாள்.

பெரியப்பா வேணுகோபாலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மைக் செட்டு அவருடைய ஏற்பாடு. பிள்ளையார்பாளையமே வாசலில் கூடியிருந்தது.

"இன்னாமா இது? சாவு வூட்ல வம்பு பண்ணிக்கினு!"

"அம்மாவுக்குப் பொறந்ததுலேந்தே காது கேக்காது பெரியப்பா. யாருக்குப் பாடறாங்க?"

"செத்தவளுக்கு இப்ப எது கேக்குது? போய் உக்காரு."

புவனா உட்காரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் அம்மா நீலாம்பாள் அழத் தெரியாதவளா என்ன? கூத்து என்றால் முன்னால் போய் உட்கார்ந்து, வேஷக்காரர்களின் முகத்தைப் பார்த்தே மூக்கைச் சிந்துவாள். டிவியில் படம் ஓடினாலும் முந்தானை நனைந்துவிடும். பாட்டுதான் அவளுக்கு எட்டாது. சாவு வீடுகளில் மகளின் தொடையைக் கிள்ளி, பாடுகிறவள் என்ன சொல்கிறாள் என்று சைகையில் கேட்பாள். புவனா கையால் சொல்வாள். எல்லாரும் கண்ணைத் துடைத்து முடித்த பிறகு அம்மா மட்டும் ஓவென்று ஆரம்பிப்பாள்.

அவளுக்கான பாட்டை மட்டும் அவளுக்குச் சொல்லாமல் அனுப்புவதா? முடியவே முடியாது.

"அக்கா, நீங்க மைக் இல்லாம பாடுங்க. நான் அம்மாவுக்குச் சொல்றேன்."

"ஊரு சிரிக்கும்," என்றார் பெரியப்பா.

"சிரிக்கட்டும்."

காவேரி மைக்கைக் கீழே வைத்தாள். "வாம்மா, அவங்க மொகத்துக்கு நேரா நில்லு."

அவள் பாடப் பாட, புவனாவின் கைகள் பேசின. தறி என்றால் வலது கை, ஊடுநூல் சுமக்கும் நாடாவைப் போல் அப்படியும் இப்படியும் ஓடியது. பிள்ளை சுமந்த வயிறு, பசித்த வயிறு, எல்லாம் வந்தன. சிரிக்க வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பாட்டு கேட்காத தூரத்தில் நின்றவர்களும் அவள் கையைப் பார்த்து அழுதார்கள்.

"பெத்தவளும் போயிட்டா, இனி பேரு சொல்லிக் கூப்பிட யாரிருக்கா?" என்று காவேரி இழுத்தாள்.

புவனாவுக்குக் கன்னத்தில் குழி விழும். அம்மா தன் கன்னத்தில் விரலால் இரண்டு முறை தட்டினால் அது புவனா. வீட்டில் வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது அவளுடைய விரல் கன்னம் வரை போய், அதற்கு மேல் அசையவில்லை. கை விழுந்தது.

பெட்டிக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்த அப்பா தலை நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார்.

தன் கன்னத்தில் இரண்டு முறை தட்டினார்.