முன் சீட்டின் பாரம்

பிராங்க்ளின் தன் காரைக் கார் என்று சொல்வதில்லை. 'ப்ராஜெக்ட்' என்பான். சென்னையில் மென்பொருள் கம்பெனியில் அவன் பார்க்கும் வேலைக்கும் அதே பெயர்தான். ஆனால் கம்பெனி ப்ராஜெக்டைப் பற்றி அவன் யாரிடமும் கார் ப்ராஜெக்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பேசியதில்லை. வண்டியோடு வந்த ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிப் போட்டுவிட்டு, மரையைத் திருகினால் ஏறி இறங்குகிற வெளிநாட்டு சஸ்பென்ஷனை மாட்டியிருந்தான். ஏறும் என்பதெல்லாம் பேச்சுக்கு. ஏற்றுவதற்காக யாரும் அதை வாங்குவதில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி இறக்கிவிட்டு, அப்பா அம்மா இருக்கும் நெய்வேலி டவுன்ஷிப்பின் வேகத்தடைகளைத் தேர் திருப்புகிறவனின் பக்குவத்தோடு கோணலாக ஏறி இறங்குவதுதான் அதன் பயன்.

இந்தப் பெருமைக்கு முதல் அடி கிறிஸ்துமஸ் அன்று விழுந்தது. அன்றுதான் அவன் அப்பா தைரியநாதன் அந்தக் காரின் முன் சீட்டில் முதன்முதலாக உட்கார்ந்தார். சுரங்கத்தில் ஃபோர்மேன். நல்ல உடம்பு. நல்ல உடம்பு என்பது டவுன்ஷிப்பில் மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தை. அவர் உட்கார்ந்ததும் இடது பக்கம் இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் மட்கார்டை உரச, கார் மாதா கோயில் வளாகத்துக்குள் சாய்ந்துகொண்டே நுழைந்தது.

"என்னடா, உன் வண்டி ஒருக்களிச்சிகினு ஜெபம் பண்ணுது?" என்றான் சித்தப்பா மகன் ஜெரால்டு.

எல்லோரும் சிரித்தார்கள். தைரியநாதனும் சிரித்தார். பிராங்க்ளின் மட்டும் சிரிக்காமல், சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் ஒன்று தேய்ந்துபோய்விட்டது என்று கோயில் வாசலிலேயே பொய் சொன்னான்.

மே மாதக் கடைசியில் தைரியநாதனுக்கு ரிட்டயர்மெண்ட். அன்று செக்ஷன் ஆட்கள் மாலை போட்டு, மேளம் அடித்து, ஆளைக் குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விடுவது வழக்கம். எந்த வண்டியில் வந்தார் என்பதை பிளாக்கே நின்று பார்க்கும். தைரியநாதன் நான்கு மாதமாகவே செக்ஷனில் சொல்லி வைத்திருந்தார்: "நா எம் பையன் வண்டியிலதான் வூட்டுக்குப் போவன்." பிராங்க்ளினுக்கும் அந்த ஆசைதான். ஆனால் கார் நேராக நிற்க வேண்டும். ஜெரால்டு வீடியோ எடுப்பான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில், முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு பிராங்க்ளின் குனிந்திருந்தான். எதிர்வீட்டு குஞ்சிதபாதம் கையில் பேப்பரோடு வந்தார். அவர் ரிட்டயராகி இரண்டு வருடம். பிளாக்கில் நடக்கும் எல்லா வேலையையும் மேற்பார்வை செய்யும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, அரிசி மூட்டைக்கு சீட் பெல்ட்டு போட்டு வச்சிருக்க. எங்க கூட்டிகினு போற?"

"லோடு சிமுலேஷன் அங்கிள்."

"தமிழ்ல சொல்லு."

கேட்டதே போதும் என்று பிராங்க்ளின் ஆரம்பித்தான். "யாரு உக்காருவாங்களோ அந்த வெயிட்ட வச்சித்தான் ஹைட்டு செட் பண்ணணும் அங்கிள். ரேஸ் காருக்கெல்லாம் அப்படித்தான். காலி வண்டிய நேராக்கி பிரயோஜனமே இல்ல. லெஃப்ட் சைடுல இந்த மரை வளையம் இருக்குல்ல, காலரு, அத இப்பிடித் திருகனா ஸ்பிரிங் மேல தூக்கும். அப்புறம் சக்கரத்த மாட்டி, முன்னாடி பின்னாடி உருட்டிட்டு அளக்கணும்."

"சரி, யாரு உக்காருவாங்க?"

"அப்பா," என்றான் பிராங்க்ளின், காலரைத் திருகிக்கொண்டே.

குஞ்சிதபாதம் முன் சீட்டை எட்டிப் பார்த்தார். "நாலு மூட்டையா?" என்றார். அவர் ரகசியம் பேசினாலே இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். பிறகு நிமிர்ந்தவர், திடீரென்று பேப்பரில் முக்கியமான சேதி எதையோ படிக்கத் தொடங்கினார்.

வாசற்படியில் தைரியநாதன் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது.

"உளுந்து. அஞ்சு கிலோ. இதையும் வையி."

"எதுக்குப்பா?"

"போன மாசம் ஆஸ்பத்திரில எட பாத்தப்ப நூத்தியஞ்சு கிலோ. நீ நூறுதான வச்சிருக்க. சரியா வர்ணும்ல."

அவரே கதவைத் திறந்து, பையை மூட்டைகளின்மேல் சரியாமல் வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினார். பிராங்க்ளின் காலரை இன்னும் ஒரு சுற்றுத் திருகினான். தலைகுனிய வேண்டிய நேரத்தில் குனிந்து பார்க்க ஒரு சக்கரம் இருப்பது பெரிய வசதி.

சாயங்காலத்துக்குள், அவன் ஓட்டும் சீட்டில் உட்கார, கார் மட்டம் வைத்ததுபோல் நின்றது. மூட்டைகளை இறக்கியதும் இடது பக்கம் எழும்பி, வலது பக்கம் சாய்ந்தது. அது பரவாயில்லை என்று பிராங்க்ளின் நினைத்தான். அப்பா உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

ரிட்டயர்மெண்ட் அன்று ஓர் அதிகாரி, தைரியநாதனின் தன்னலமற்ற சேவையைப் பற்றிப் பேசினார். அன்று ரிட்டயரான எல்லோருக்கும் அதே சேவைதான். பெயரை மட்டும் துண்டுக் காகிதத்தில் பார்த்துக்கொண்டார். மேளம் தொடங்கியது. தைரியநாதன் ரோஜா மாலையோடு கேட்டைத் தாண்டி வந்தார். காரின் பின் சீட்டில் அம்மா லூசியம்மாள் புதுப் புடவையில் இருந்தாள். ஸ்டியரிங் பக்கம் பிராங்க்ளின். கார் அவன் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

தைரியநாதன் பின் கதவைத் திறந்தார். "நா இங்க உங்கம்மாகூட உக்காந்துக்கறன். இத்தினி வருஷமும் ஷிப்டு ஷிப்டுன்னு ஆளுக்கொரு நேரமா போச்சி. இன்னிக்காவது ஒண்ணா வூட்டுக்குப் போறம்."

லூசியம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

"முன்னாடி உக்காருங்கப்பா," என்றான் பிராங்க்ளின். "பின்னாடி உக்காந்தா சாஞ்சிடும்."

மேளக்காரன் அப்போது பார்த்துத்தான் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தான். செக்ஷன் முழுக்கக் கேட்டது.

"எது சாஞ்சிடும், காரா?" என்றார் கூட வேலை பார்த்த வைத்திலிங்கம். "யோவ் தைரியம், உன்ன ஏத்தறதுக்கு உம் புள்ள கிரேன்தான் கொண்டாரணும்போல."

சிரிப்பு பரவியது. பிராங்க்ளின் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி நின்றுகொண்டிருந்தது, அதில் பார்க்க எதுவுமில்லை.

தைரியநாதன் பின் கதவைச் சாத்தினார். "உனக்கு என்னாய்யா தெரியும். நா உக்காந்தாதான் நேரா நிக்கிற மாதிரி செஞ்சி வச்சிருக்கான். வண்டி செஞ்ச கம்பெனிக்காரனுக்கே தெரியாத வேல. பாரு."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இடது பக்கம் இறங்கி, கார் பிசகில்லாமல் நேரானது. வைத்திலிங்கமே கை தட்டினார். ஜெரால்டு முன்னால் ஓடிப்போய் வீடியோ எடுத்தான். பிராங்க்ளின் ஐந்து மாதமாக ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

வழியில் பிளாக் பிளாக்காக ஆட்கள் நின்று கை காட்டினார்கள். தைரியநாதன் ஜன்னல் பக்கம் சாயவில்லை. மார்பு உயரத்துக்குக் கையைத் தூக்கி, அசைத்து, இறக்கினார். பின்னால் லூசியம்மாள் சால்வையையும் ஸ்வீட் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"நேரா போவுதா?" என்று கேட்டார் தைரியநாதன்.

"போவுதுப்பா."

வீட்டு வாசலில் கூட்டம். குஞ்சிதபாதம் புது செல்போனைத் தலைகீழாகப் பிடித்து, கேமராவைத் தேடிக்கொண்டிருந்தார். லூசியம்மாள் இறங்கி ஆரத்தித் தட்டு எடுக்கப் போய்விட்டாள். தைரியநாதன் கதவின் கைப்பிடியில் கை வைத்தவர், இழுக்காமல் நிறுத்தினார்.

"எல்லாரும் போட்டோ எடுத்துட்டாங்களா பாரு. நா எறங்கனா சாஞ்சிடும்ல."

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று பிராங்க்ளின் தேடினான். இருந்திருந்தால் பிழைத்திருப்பான். ஒன்றும் இல்லை.

தைரியநாதன் மாலையைச் சரிசெய்துகொண்டு, வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.