அடிப்பிடித்த காந்தல்

போன் அடித்தபோது அவள் ஒரு கையில் பானையின் அடிச்சில்லு இருந்தது. இன்னொரு கையில் பிரஷ். காலடியில் தண்ணீர் வாளி.

தோண்டி எடுத்த பானைச் சில்லுகளை மண் போகக் கழுவி, காயவைத்து, ஒட்டிப் பார்ப்பது அவளுடைய வேலை. கல்யாணமான நாளிலிருந்து கணவர் தோண்டுவார், இவள் கழுவுவாள். "ஊர்ப்பட்ட பாத்திரம் தேய்க்கறீங்க, வீட்டுப் பாத்திரம் மட்டும் அப்படியே கிடக்கு" என்பான் அவள் தம்பி. அகழாய்வு வேனை ஓட்டுவதும் போட்டோ எடுப்பதும் அவன்தான்.

ஆனால் இந்தச் சில்லைக் கழுவக் கூடாது.

இடிந்த சுவருக்கு அடியில், மூடி போட்டபடி அகப்பட்ட பானை அது. அடியில் கன்னங்கரேலென்று காந்தல். யாரோ ஒருத்தி எப்போதோ அடுப்பை மறந்துவிட்டாள். சமையல் தீய்ந்ததற்குச் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்த ஒரே புருஷன் இவள் கணவராகத்தான் இருப்பார். அந்தக் காந்தல் எந்தக் காலத்தில் கரிந்தது என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள். 'இந்த மேட்டில் நீங்கள் நினைப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்பே ஜனங்கள் இருந்தார்கள்' என்று சொல்லிச் சொல்லி, கருத்தரங்குதோறும் சிரிப்பு வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர். இனித் தோண்டவும் வழியில்லை. அனுமதி முடிந்து, குழிகளை மூடியாகிவிட்டது. இருப்பது இந்தக் காந்தல் ஒன்றுதான்.

உதிரி மண்ணை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். அதற்காகத்தான் கையில் எடுத்திருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"மேடம், ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். வார்டுல இருக்கற உங்க வீட்டுக்காரருக்கு மூச்சு ரொம்பத் திணறுது. ஐசியூவுக்கு மாத்தறோம். உடனே வாங்க."

"எப்போலேர்ந்து? பேசறாரா? நினைவிருக்கா?"

கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். பேச்சு முடிந்ததும்தான் குனிந்து பார்த்தாள்.

கை முழங்கைவரை ஈரம். சில்லு பளிச்சென்று சிவந்திருந்தது. பழகிய கை, அவளைக் கேட்காமலே முக்கித் தேய்த்து முடித்துவிட்டிருந்தது.

ஐசியூவில் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "அனுப்பிட்டியா?"

"கழுவிட்டேங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "போன் வந்தப்பவா?"

"ம்."

"அப்போ உன் மேல தப்பில்ல. என் மூச்சுதான் கழுவியிருக்கு." சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

கால்மாட்டில் நின்ற தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாமா, வாளித் தண்ணிய நான் கொட்டல. அடியில கருப்பா நிக்குது. வடிகட்டி அனுப்பிடலாமா?"

"வாய மூடுடா. காலையிலேர்ந்து கழுவின எல்லாச் சில்லோட அழுக்கும் அதுலதான் இருக்கு. எது எந்த அடுக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று அவள் அதட்டினாள்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'அடுக்கு சார்'. மண்ணின் எந்த அடுக்கில் கிடைத்தது என்று சொல்லத் தெரியாவிட்டால், தங்கமே ஆனாலும் ஓரமாக வைத்துவிடுவார். இப்போது அவரும் தம்பியைக் கடிந்துகொள்வார் என்று காத்திருந்தாள்.

அவர் மாஸ்க்கை விலக்கினார். "அனுப்பு."

"என்னங்க..."

"பானையிலேர்ந்து சுரண்டினதுன்னு சொல்லி அனுப்பு. யாருக்கும் தெரியாது. பதிலைக் கேட்டுட்டுப் போயிடறேனே..."

பதவி உயர்வுக்குக்கூட யாரிடமும் கெஞ்சாத மனிதர் கெஞ்சினார். "சரிங்க" என்றாள்.

வேனில் தம்பி விடவில்லை. "அக்கா, பழைய காலம்னு வந்துட்டா மாமா நிம்மதியா..."

"வந்தா? நாளைக்கு இன்னொருத்தன் திரும்பச் சோதிப்பான். அவர் சொன்ன நிஜமும் இதோட சேர்ந்து பொய்யாயிடும். இப்ப சிரிக்கறாங்க. அப்ப காறித் துப்புவாங்கடா."

"அவர்கிட்ட என்ன சொல்லப் போற?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில்லு கழுவும் கொட்டகையில் வாளி தெளிந்திருந்தது. மேலே கண்ணாடித் தண்ணீர், அடியில் கருப்பு. அதற்குள் எங்கோ ஒரு சிட்டிகை அவருடையது. எது என்று கடவுளாலும் பிரித்துக் கொடுக்க முடியாது. தூக்கிக்கொண்டு போய், மூடிய குழியின் ஓரத்தில் கவிழ்த்தாள். மண் உறிஞ்சிக்கொண்டது. தண்ணீர் தீர்ந்த பிறகும் வாளியைக் கவிழ்த்துப் பிடித்தபடியே குனிந்திருந்தாள்.

"அனுப்பியாச்சா?" திரும்பி ஐசியூவுக்குப் போனதும் அவர் கேட்டார்.

"அனுப்பியாச்சுங்க."

கல்யாணமான பிறகு அவரிடம் சொன்ன முதல் பொய். அவர் முகம் இளகியதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவர் கேட்பார், அவள் "இன்னும் வரலைங்க" என்பாள். ஒரு நாள் அவர் கேட்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை. டாக்டர் வந்து, பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அவர் காதருகே குனிந்தாள். "வந்துடுச்சுங்க. நீங்க சொன்ன காலம்தான்."

மாஸ்க்குக்குள் ஆவி லேசாகப் படர்ந்து மறைந்தது. காதில் விழுந்ததா, தெரியவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.